படுவான்கரையில் காணி எடுத்துக் குடியேறுமுன்: பாம்பு, யானை, முதலையோடு வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் காணி எடுப்பவர்கள் முதல் வேலையாக வேலிக்குக் கட்டை வாங்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கட்டை நட்டு, முட்கம்பி இழுத்து முடித்த மூன்றாம் மாதம் ஒரு யானை மூலைக்கட்டையைச் சாய்த்துவிட்டு வாழைக்குள் போய் நின்றது. வேலி போட்ட இடமே பிழை. நான் வருவதற்கு முன்பிருந்தே அது யானை நடந்த தடம். கட்டைக்குக் கொடுத்த காசு போனதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கம் குடியேறிய ஏழெட்டுக் குடும்பங்களோடு கூட நின்று வேலை செய்திருக்கிறேன். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் தடுமாறினார்கள். என்ன செய்வது என்பது பலருக்கும் தெரியும்; எதற்குப் பிறகு எதைச் செய்வது என்பதில்தான் பிழைக்கிறது. ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள். வேலி எட்டாவதாக வருகிறது, அது தற்செயலாக அல்ல.

மட்டக்களப்பின் படுவான்கரையை மனதில் வைத்து எழுதுகிறேன். வாகரை, கிரான் பக்கத்துக்கும், அம்பாறையில் நாவிதன்வெளி, திருக்கோவில், பொத்துவில் பக்கத்து மேட்டுக்காணிகளுக்கும் சிறு மாற்றங்களோடு இது பொருந்தும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு சோடி முழங்கால் உயர இறப்பர் பூட்ஸ். பாம்புக்கடியில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும்தான் படுகின்றன. செருப்பு அதற்குக் காவல் இல்லை. ரோச் லைட் இரண்டு, அதில் ஒன்று தலையில் கட்டுவது, இருட்டில் இரண்டு கையும் வேண்டும் என்பதால். ஆள் உயரக் கம்பு ஒன்று. படுக்கிற எல்லாருக்கும் நுளம்பு வலை. இறுக்கமான மூடியுள்ள பீப்பாய்கள்.

காலமும் முக்கியம். ஆடி, ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடிக்கலாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் புல் காய்ந்து நிலம் தெரியும், குளங்கள் வற்றும், மிருகங்கள் தண்ணீருக்குப் போகிற வழி கண்ணில் படும். மார்கழியில் காணி பார்த்து வாங்கியவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. பச்சையாக இருந்தது, வாங்கிவிட்டார்கள்.

1. காணியை இரண்டு தரம் சுற்றி நடவுங்கள்

விற்பவரிடம் கேட்டால் "ஆனை இந்தப் பக்கம் வாறதில்ல" என்றுதான் சொல்வார். மாட்டுப்பட்டி வைத்திருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் ஆண்டு முழுவதும் அந்த நிலத்தில் நடக்கிறவர். எனக்குப் பக்கத்துப் பட்டிக்காரப் பெரியவர் ஒரு பாலைமரத்தைக் காட்டிச் சொன்னார்: "மனே, மேல்குளம் வத்தினா இந்த மரத்தடியாலதான் அதுகள் கீழ்க்குளத்துக்குப் போறது." என் மூலைக்கட்டை நின்றது அந்த மரத்திலிருந்து பத்தடி தூரத்தில். கேட்ட நேரம்தான் பிந்திவிட்டது.

நடக்கும்போது பார்க்க வேண்டியவை: யானை இலத்தி, அது ஈரமா காய்ந்ததா, சேறு பூசிய மரப்பட்டை, அந்தச் சேறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பன்றி கிண்டிய மண், முள்ளம்பன்றி வளை, புற்றுகள், குளக்கரையில் முதலை வயிறு இழுபட்ட தடம். யானையின் முன்காற் சுவடு தெளிவாகக் கிடைத்தால் ஒரு கயிற்றால் அதன் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஏறக்குறைய அதுதான் யானையின் தோள் உயரம். வந்து போவது குட்டியோடு வரும் கூட்டமா, தனியன் ஒன்றா என்பதை இப்படியே ஓரளவு ஊகிக்கலாம்.

இரண்டாவது நடை, இடையில் ஒரு மழை பெய்த மறுநாள் விடியற்காலையில். காய்ந்து இறுகிய மண்ணில் பாரம் குறைந்த மிருகங்களின் தடம் விழாது. ஈரமண் அத்தனையையும் காட்டிவிடும். இரண்டு நடையிலும் கண்டதைக் கொப்பித்தாளில் படமாகக் கீறி வையுங்கள். வீடு, கிணறு, வாழை எல்லாம் பிறகு அந்தத் தாளைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும்.

புற்று பற்றி ஒரு சொல். அதை அலவாங்கால் உடைத்தால் உள்ளே இருப்பது வெளியே வந்து உங்கள் செங்கல் அடுக்குக்குள் போய் இருக்கும். புற்றை விட்டுவிட்டு வீட்டைத் தள்ளிக் கட்டுங்கள். பால் ஊற்றுவதும் ஊற்றாததும் உங்கள் விருப்பம்.

2. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை முடிவு செய்யுங்கள்

அத்திவாரம் வெட்டுமுன் இதைச் செய்யச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் காடு வெட்டுகிற, கல் புரட்டுகிற அந்த முதல் மாதங்களில்தான் கடி விழுகிற வாய்ப்பு அதிகம். வீடு முடிந்து குடிபுகுந்த பிறகு வழி தேடினால் காலம் கடந்துவிடும்.

இரண்டு வழி வேண்டும்: ஒன்று கோடைக்கு, மற்றது மாரிக்கு. மண்முனைப் பாலம் 2014 இல் திறந்ததிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு வாவியைக் கடப்பது இலகுவாகிவிட்டது. வெல்லாவெளிப் பக்கத்தார் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. மார்கழி, தை வெள்ளத்தில் உள் வீதிகள் மூடப்படும். எந்த மதகுக்கு மேலால் தண்ணீர் பாயும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். படகுப்பாதையை இராத்திரிக்கு நம்பாதீர்கள்.

ஒருநாள் மோட்டார் சைக்கிளில் போய் எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் ஒழுங்கைக்குள் வாகனம் வருமா, எந்தச் சந்தியில் வந்து நிற்கச் சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. பக்கத்தில் ஓட்டோ வைத்திருப்பவரின் இலக்கத்தையும் சேர்த்து, சுண்ணாம்புச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். போனுக்குள் இருக்கிற இலக்கம் போன் செத்தால் உதவாது.

3. வளவை வீட்டிலிருந்து வெளியே வெட்டிக்கொண்டு போங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லையிலிருந்து உள்ளே வெட்டி வருவார்கள், எல்லை தெரிய வேண்டும் என்ற ஆசையில். அப்படி வெட்டினால் உள்ளே இருக்கிற பாம்பும் தேளும் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசிப் பற்றைக்குள் வந்து சேரும். அந்தக் கடைசிப் பற்றை பெரும்பாலும் வீட்டுக்கு வைத்த இடம்தான். நடுவிலிருந்து வெளியே போனால் அவை தாமாகவே விலகிக் காட்டுப் பக்கம் போய்விடும்.

நெருப்பு வைக்காதீர்கள். நாலு பக்கமும் மூட்டிவிட்டு நின்ற ஒரு தம்பியின் காணியில், தப்பிய பாம்பு இரண்டும் ஓடி ஒளித்தது அவர் சாமான் வைத்திருந்த வாடிக்குள். கச்சான் காற்றில் நெருப்பு பக்கத்துக் காணிக்கும் தாவும்.

வெட்டும்போது பூட்ஸ் போட்டு, கம்பால் பற்றையை முதலில் தட்டி, அப்புறம் கத்தி வையுங்கள். கைவிரலைக் கண் போகாத இடத்துக்குள் விடாதீர்கள். மரக்கட்டையைப் புரட்டும்போது உங்கள் பக்கமாக இழுத்துப் புரட்டுங்கள், அடியில் இருப்பது எதிர்ப்பக்கத்தால் ஓடட்டும்.

வீட்டைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒன்றும் இல்லாத வெறும் மணல் முற்றம் வேண்டும். நம்முடைய அம்மாச்சிமார் விடியக்காலையிலும் பொழுதுபடவும் முற்றம் கூட்டியதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. கூட்டிய மணலில் இராத்திரி எது ஊர்ந்தது, எந்தப் பக்கம் போனது என்று காலையில் தெரியும். ஊர்வனவும் திறந்த மணலைக் கடக்கத் தயங்கும்.

விறகு, ஓடு, செங்கல், தென்னோலை, கிடுகு: இவற்றை நிலத்தில் அடுக்கவே கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கட்டை வைத்து அதன்மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். கட்டட வேலை நடக்கும் காலத்தில் மீந்த செங்கற்குவியல்தான் நாகத்துக்கும் தேளுக்கும் முதல் வீடு.

4. எலியைப் பட்டினி போடுங்கள்

பாம்பு உங்களைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது, எலி நெல்லைத் தேடி வருகிறது. யானையும் நெல்லைத் தேடித்தான் வருகிறது. ஆகவே இந்தப் படி ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது.

வழக்கமான பிழை: சூடடித்து வந்த நெல்லைக் களவுக்குப் பயந்து படுக்கையறைச் சுவரோடு அடுக்குவது. யானைக்கு மணம் வெகு தூரத்திலிருந்தே தெரியும். அது சுவரைத் தள்ளி மூட்டையை இழுக்கும்போது, சுவருக்கு இந்தப் பக்கம் பாய் போட்டுப் படுத்திருக்கிறவர்கள் மேல் கல் விழும். யானை யாரையும் தேடி வந்திருக்காது, ஆனால் உயிர் போய்விடும்.

நெல்லுக்குத் தனிக் கொட்டில் போடுங்கள், மனிதர் படுக்கிற இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. கால்கள் இடுப்பளவு உயரமாக இருக்கட்டும். ஒவ்வொரு காலிலும் தகரத்தைப் புனல் போல் கவிழ்த்துக் கட்டினால் எலி ஏறாது. வீட்டுத் தேவைக்கு உள்ள அரிசி, உப்பு, கோழித்தீன் எல்லாம் மூடியுள்ள பீப்பாய்க்குள். உப்பும் யானைக்குப் பிடித்தது என்பது பலருக்குத் தெரியாது. விற்கிற நெல்லை வைத்திருந்து விலை பார்ப்பதைவிட நேரத்தோடு விற்றுவிடுவது நல்லது என்பது என் எண்ணம், விலை சரியில்லாத ஆண்டிலும்.

கோழிக்கூடு வீட்டோடு ஒட்டி வேண்டாம். முட்டைக்கும் குஞ்சுக்கும் நாகம் வரும், மரநாய் வரும். விரல் நுழையாத சிறு கண் வலை அடித்து, சிந்திய தீனை மாலையில் கூட்டி அள்ளுங்கள்.

இன்னொன்று, இதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். குசினித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழை வைப்பது. தண்ணீர் வீணாகாது, வாழையும் நன்றாக வரும், யானையும் குசினிச் சுவருக்கே வரும். ஒரு பைப் போட்டு அந்தத் தண்ணீரை இருபது யார் தூரமாவது தள்ளிக் கொண்டுபோய் அங்கே வாழை வையுங்கள். வீட்டுப் பக்கம் எலுமிச்சை, தோடை, மிளகாய் இருக்கட்டும். யானை அவற்றை அவ்வளவாக விரும்பாது.

5. இரவுக்கான ஏற்பாடு

எட்டடி விரியன் என்று இங்கே சொல்லப்படும் கறுப்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுப் போட்ட பாம்பு இராத்திரியில்தான் இரை தேடும். தரையில் படுப்பவர் புரளும்போது அதன்மேல் கை விழும், கடிக்கும். அந்தக் கடி பெரும்பாலும் நோகாது. அதுதான் அதில் உள்ள பயங்கரம்.

ஆகவே கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லாவிட்டால் பாயைச் சுற்றி நுளம்பு வலையைப் போட்டு அதன் விளிம்பைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகுங்கள். செருகாத வலை நுளம்பைத் தடுக்கலாம், பாம்பைத் தடுக்காது. புழுக்கத்துக்குத் திண்ணையில் வெறும் பாயில் படுக்கும் பழக்கத்தை இந்தக் காணியில் விட்டுவிட வேண்டும்.

கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் பென்சில் நுழைகிற இடைவெளி இருந்தாலும் பாம்புக் குட்டி நுழையும். பழைய டயர்க் கீலம் ஒன்றை அடியில் ஆணி அடித்தால் போதும். மலசலகூடத்துக்குப் போகும் வழியைச் சிமெந்து இட்டோ வெறும் மணலாகவோ வைத்து, அதற்கு ஒரு சோலார் லைட் போடுங்கள். பத்தடிதானே என்று இருட்டில் போய்த்தான் மிதிப்பது. காலையில் பூட்ஸைத் தட்டிக் கவிழ்த்துவிட்டுப் போடுங்கள். தேளும் பூரானும் இரவு தங்குவது அதற்குள்.

6. பாம்பு

கண்டால்: நில்லுங்கள், ஆறேழு அடி பின்வாங்குங்கள், போக விடுங்கள். அடிக்கப் போகிறவருக்குத்தான் கடி விழுகிறது. வீட்டுக்குள் என்றால் ஒரு கதவைத் திறந்துவிட்டு, மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, ஒருவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். சாரைப்பாம்பை அடிக்கவே வேண்டாம், அது எலி தின்கிற சம்பளமில்லாத காவற்காரன்.

முத்திரைப் புடையன், அதாவது கண்ணாடி விரியன், தடித்த உடலில் சங்கிலி போல வட்டப் புள்ளிகளோடு இருக்கும். குட்டியைக் கண்டு மலைப்பாம்புக் குட்டி என்று கையால் பிடிக்கப் போனவர்கள் உண்டு. குக்கர் ஆவி விடுவதுபோல் சீறினால் விலகிவிடுங்கள். வரம்பில் பொழுதுபட நடக்கும்போதும் அறுவடைக் காலத்திலும்தான் இதை மிதிப்பார்கள்.

கடித்தால், இந்த ஒழுங்கில்:

முதலில் பாம்பு இருக்கும் இடத்திலிருந்து ஆளை விலக்குங்கள். இரண்டாவது கடி விழக்கூடாது. உடனே மணி பார்த்து நினைவில் வையுங்கள், வைத்தியர் கேட்கிற முதற்கேள்விகளில் அது ஒன்று.

மோதிரம், காப்பு, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழராது, இரத்தஓட்டம் நின்றுவிடும்.

கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். தசை அசைய அசைய நஞ்சு பரவும். கடிபட்ட காலை ஒரு தடியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, தூக்கிக்கொண்டு போங்கள். மோட்டார் சைக்கிள்தான் கிடைத்தது என்றால் நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சத்தி எடுத்தாலோ கண் சொருகினாலோ பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், மூச்சுக்குழாய்க்குள் எதுவும் போகாமல் இருக்க.

செய்யக்கூடாதவை: கயிற்றால் இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுடுவது, பச்சிலை வைத்துக்கொண்டு காத்திருப்பது. அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். புடையன் கடி இரத்தம் உறைவதைக் கெடுக்கும், அஸ்பிரின் அதை இன்னும் மோசமாக்கும். கயிறு கட்டுவதுதான் இன்றும் அதிகம் காணும் பிழை. என் கண் முன்னே ஓர் அண்ணையின் காலை லுங்கிக் கிழிசலால் நரம்பு புடைக்கக் கட்டிவிட்டார்கள். நஞ்சு இறக்கி ஆள் தேறினார், ஆனால் கட்டிய இடத்துப் புண் ஆற மாதக்கணக்காகியது.

பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. தூர நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். செத்த பாம்பின் தலைகூடக் கடிக்கும்.

விஷகடி வைத்தியர்மேல் நம்பிக்கை உள்ளவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட பிறகு போங்கள் என்று மட்டும் சொல்வேன். நஞ்சு முறிப்பு ஊசி இருப்பது ஆஸ்பத்திரியில். அந்த ஊசியே சிலருக்கு ஒவ்வாமையைக் கொடுக்கும் என்பதால் அதைப் போடவும் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். உடம்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்கள் ஒருநாள் வைத்துப் பார்ப்பார்கள். கெஞ்சி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. தரையில் படுத்த ஒருவர் நடுச்சாமத்தில் வயிற்று நோவோடு எழும்பி, கண்ணிமை கீழே விழுகிறது, விழுங்கக் கஷ்டம் என்றால், கடிவாய் தெரியாவிட்டாலும் எட்டடி விரியன் என்றே நினைத்துப் புறப்படுங்கள். "காஸ்" என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். நஞ்சு மூச்சுத் தசையை நிறுத்துமுன் போய்ச் சேர வேண்டும்.

7. யானை

இலங்கையில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் தந்தம் இல்லாததைக் கண்டு "பெண்தான், ஒன்றும் செய்யாது" என்று கிட்டப் போவார்கள். பயிருக்குள் தனியாக இறங்குவது பெரும்பாலும் ஆண். கன்னத்தில் மதநீர் வழிந்த கறை, பின்காலில் ஈரம், இவை தெரிந்தால் அதை விரட்டுகிற எண்ணமே வேண்டாம். அது மதத்தில் நிற்கிறது.

வழியில் எதிர்ப்பட்டால்: நின்று காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். உங்கள் மணம் அதற்குப் போகாத பக்கமாக, வந்த வழியே திரும்புங்கள். மோட்டார் சைக்கிளில் என்றால் தூரத்திலேயே நிறுத்தித் திருப்புங்கள். கிட்டப் போய் எஞ்சினை நிறுத்தினால் திரும்பக் கிளப்ப நேரம் கிடைக்காது. துரத்தினால் நேராக ஓடி வெல்ல முடியாது. கையில் உள்ள பையையோ சட்டையையோ போட்டுவிட்டு, பெரிய மரமோ ஆழமான வாய்க்காலோ இடையில் வரும்படி போங்கள்.

விடியுமுன்னும் பொழுது பட்ட பிறகும் நடக்காமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட நல்லது. வயல் காவலுக்குப் போகிறவர் வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பரணில் ஏறிவிட வேண்டும். குடித்துவிட்டு இருட்டில் சைக்கிளில் வருவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள்.

இராத்திரி வளவுக்குள் வந்துவிட்டால்: வெளியே போகாதீர்கள். எல்லாரும் நெல் இல்லாத பக்கத்து அறைக்கு வாருங்கள். வெளி லைட்டுகளைப் போடுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் 1992 க்கும் போன் எடுங்கள். யானை வெடி கொளுத்துவதானால் பாதுகாப்பான இடத்திலிருந்து, அதற்கு வெளியேற வழி திறந்திருக்கும்போது மட்டும். இரண்டு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் வெடி போட்டால் நடுவில் அகப்பட்டது யார் மேலாவது ஏறித்தான் வெளியேறும். பக்கத்துக் காணிக்காரரோடு முன்கூட்டியே பேசி, எந்தப் பக்கம் திறந்து விடுவது என்று ஒத்துக்கொள்ளுங்கள். நெருப்புப் பந்தம் எறிவது வேண்டாம். காயப்பட்ட யானை திரும்ப வரும்போது வேறு மாதிரி வரும்.

சேதம் நடந்தால், எதையும் ஒதுக்குமுன் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் அன்றே சொல்லுங்கள். சுவரைத் திரும்பக் கட்டிய பிறகு நட்டஈடு கேட்டுப் போய் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

8. இப்போது வேலி

முதல் ஏழும் முடிந்தால் வேலியின் நீளம் பாதியாகக் குறையும். முழுக் காணியையும் சுற்றத் தேவையில்லை. வீடும் முற்றமும் ஒரு சுற்று, பயிர் நிற்கிற துண்டு ஒரு சுற்று. நீங்கள் கீறிய படத்தில் உள்ள தடத்தை வேலிக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

மின்வேலி யானையைக் கொல்வதற்கில்லை. எனர்ஜைசர் என்ற பெட்டி ஆயிரக்கணக்கான வோல்ட்டை விநாடிக்கு ஒருமுறை போல, இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தட்டிவிடும். சுரீர் என்று அடித்து விலக்கும், அவ்வளவுதான். வீட்டுக் கறண்டை நேரே கம்பியில் கொழுவுவது வேறு விஷயம். அது யானையையும் கொல்லும், காலையில் பசுவை அவிழ்க்கப் போகிற உங்கள் பிள்ளையையும் கொல்லும். சட்டப்படி குற்றம்.

யானை கெட்டித்தனமானது. மரக்கட்டையில் மின் ஏறாது என்று கண்டுபிடித்துக் கட்டையைத் தள்ளும். அதற்காகக் கம்பியைக் கட்டையின் காட்டுப் பக்கத்தில், சற்று முன்தள்ளி இழுக்க வேண்டும். உள்பக்கம் இழுத்த வேலி ஒரு வாரம் நிற்கும்.

"வேலி அடிக்கல்ல" என்று கூப்பிட்டு நான் போய்ப் பார்த்த வேலிகளில் காரணம் இரண்டில் ஒன்று. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டு மின்னை மண்ணுக்குள் இறக்குகிறது. அல்லது எர்த் கம்பி நிற்கும் மண் காய்ந்துவிட்டது. யானையின் உடலால் போகும் மின் மண் வழியாகத் திரும்பிப் பெட்டிக்கு வந்தால்தான் அடி விழும். கச்சான் காலத்தில் எர்த் கம்பியடியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவது அதற்காகத்தான். கம்பியின் கீழே மூன்றடி அகலத்தை எப்போதும் செருக்கி வையுங்கள், மாலையில் டெஸ்டரால் ஒரு தரம் பாருங்கள். இந்த இரண்டையும் செய்ய ஆள் இல்லாவிட்டால் மின்வேலி போடாதீர்கள், காசுதான் நட்டம்.

9. தண்ணீர்

கோடையில் குளம் வற்ற முதலை நிலத்தால் நடந்து வேறு தண்ணீர் தேடும். மாரி வெள்ளத்தில் வாய்க்காலுக்குள்ளும் வரும். போன மாதம் இல்லை என்பது இந்த மாதத்துக்குச் சாட்சி ஆகாது.

ஒரே துறையில் ஒரே நேரத்தில் தினமும் குளிப்பதுதான் பெரிய பிழை. முதலை பார்த்துப் பழகி, காத்திருக்கும். மீன் கழுவிய துறையில் குளிக்காதீர்கள், நாயைக் கூட்டிப் போகாதீர்கள், கரையில் குந்தியிருந்து முகம் கழுவாதீர்கள். கயிறு கட்டிய வாளியால் அள்ளித் தள்ளி நின்று குளியுங்கள். பிள்ளைகளுக்குக் கிணறுதான்.

கிணற்றுக்கு இடுப்பளவு சுற்றுக்கட்டு கட்டாயம். நிலமட்டத்தோடு விட்ட தோட்டக் கிணறுகளுக்குள் யானை விழுந்து, பிறகு ஊரே திரண்டு கரையை வெட்டி ஏற்ற வேண்டி வரும்.

சேற்று வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விதைப்புக்கு முன்பே கேளுங்கள். காலில் புண்ணோடு இறங்க வேண்டாம்.

10. மற்றவை

காட்டுப்பன்றி மரவள்ளிக்கு வரும். நிலத்தோடு ஒட்டிய தகர வேலி போதும். கட்டுத்துவக்கும் (கம்பி தட்டுப்பட்டால் வெடிக்கிற துவக்கு) பன்றி வெடியும் (தீனுக்குள் மறைத்து வைக்கிற வெடி) வேண்டவே வேண்டாம். அவற்றில் அகப்படுவது மாடும், யானைக்குட்டியும், விறகுக்குப் போன ஆளும்.

குரங்கு, நாய், கீரி கடித்தால் அல்லது கீறினால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே விசர்நோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். உடும்பையும் கபரக்கொய்யாவையும் விட்டுவிடுங்கள். கிளிக்கும் மயிலுக்கும் வெருளி மூன்று நாள் வேலை செய்யும், அப்புறம் அதன் தலையிலேயே வந்து இருக்கும். இடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

வாகரை, கிரானுக்கு மேற்கே காட்டோரக் காணி என்றால் கரடியும் உண்டு. பாலைப்பழம் பழுக்கிற காலத்தில் பாலைமரத்தடிக்குத் தனியாகப் போகாதீர்கள். போனால் பேசிக்கொண்டு போங்கள். திடுக்கிட்ட கரடிதான் முகத்துக்கு வரும்.

11. ஐப்பசி மழைக்கு முந்தின வாரம்

முதல் பெருமழையில் வளைகளுக்குள் தண்ணீர் ஏறும், உள்ளே இருந்தவை எல்லாம் மேட்டுக்கு வரும். மேடு என்பது உங்கள் வீட்டுத் திண்ணை. அதனால் அந்த வாரத்தில் கதவடிக் கீலம், விறகு அடுக்கு, நெற்கொட்டில் தகரம், வேலிக்குக் கீழ்ப் புல், ரோச் பேட்டரி இவற்றை ஒரு சுற்றுப் பாருங்கள். சுவரில் எழுதிய இலக்கங்கள் அழியாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓட்டோக்கார அண்ணை போன வருடம் இலக்கம் மாற்றியிருப்பார்.